யாரும் செதுக்காத பிரமிடுகள்!

பிரமிடு என்றதும் எகிப்து நாடுதான் நினைவுக்கு வரும், இல்லையா? மொட்டை மாடிகளில் கருமையாகத் தெரிகின்றனவே சூரிய ஒளி மின்தகடுகள், அவற்றிலும் பிரமிடுகள் உண்டு. ஒன்றிரண்டு அல்ல, கோடிக்கணக்கில்! ஒவ்வொன்றின் உயரமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். அதனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

எதற்காக இந்தப் பிரமிடுகள்?

இந்தத் தகடுகளில் வெயிலை மின்சாரமாக மாற்றுவது சிலிக்கான் என்ற தனிமம். மணலில் இருக்கிறதே, அதேதான்! ஆனால், வழவழப்பான சிலிக்கான் மீது 100 பங்கு ஒளி விழுந்தால், சுமார் 35 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்றில் ஒரு பங்கு வெயில் வீண்!

மேற்பரப்பு முழுவதும் பிரமிடுகள் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றின் சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பக்கத்துப் பிரமிடின் மீது மோதும். அங்கே உள்ளே நுழைய இன்னொரு வாய்ப்பு! அந்த 35 பங்கிலும் நூற்றுக்கு 35 வீதம்தான் திரும்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 12 பங்குதான் வீணாகும். மேலே மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசினால் இழப்பு இன்னும் குறையும்.

செதுக்குவது யார்?

உளி இல்லை, சுத்தியல் இல்லை. சிலிக்கான் படிகத்தை மெல்லிய வில்லைகளாக அறுத்து, சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள காரக் கரைசலில் அமிழ்த்துகிறார்கள். அது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். குமிழ்கள் கிளம்பும். சிறிது நேரத்தில் பிரமிடுகள் தயார்!

இதன் ரகசியம் என்ன? சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். படிகத்தின் உள்ளே இருக்கும் அணு, நான்கு கைகளாலும் அண்டை அணுக்களைப் பற்றியிருக்கும். வில்லையின் தட்டையான மேற்பரப்பில் உள்ள அணுவோ, இரண்டு கைகளால் மட்டுமே கீழே உள்ள அணுக்களைப் பிடித்திருக்கும். நீரும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து அந்தப் பிடிகளை விடுவித்து, அணுவைச் சிலிக்கேட்டாகக் கரைத்துவிடும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயுதான் குமிழ்கள்.

படிகத்தில் சாய்வான தளங்களும் உண்டு. அங்கே உள்ள அணுக்கள் மூன்று கைகளால் பிடித்திருக்கும். எளிதில் பெயர்க்க முடியுமா? அதனால் அந்தத் தளம் பல மடங்கு மெதுவாகவே கரையும். சுற்றியுள்ளவை கரைந்துபோக, நான்கு சாய்வுத் தளங்கள் கூடிய பிரமிடு எஞ்சி நிற்கும். அதன் சரிவு எப்போதும் ஏறக்குறைய 55 டிகிரிதான். கீஸாவின் பெரிய பிரமிடின் சரிவு சுமார் 52 டிகிரி. கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கிறது, பார்த்தீர்களா?

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தியது. அது தன் மீது விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக்கியது. 1974-ல் அந்நாட்டின் காம்சாட் ஆய்வுக்கூடத்தினர், பிரமிடுகள் கொண்ட கறுப்பு நிற மின்கலத்தைச் செய்து காட்டினர்.

ஓர் எச்சரிக்கை: சோடியம் ஹைட்ராக்சைடைத்தான் காஸ்டிக் சோடா என்கிறோம். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். நீங்கள் அதைத் தொடவே கூடாது.

"இந்தத் தகடு ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது?" என்று தம்பியோ தங்கையோ கேட்டால், இனி நீங்களே விளக்கம் சொல்லலாமே!