மானியத்தை வெட்டினால் நாம் ஜெயித்துவிடுவோமா?

போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "யூரியா மானியத்தை நாளைக்கே நிறுத்திட்டா போதும்ங்க, எல்லாரும் தன்னால இயற்கை விவசாயத்துக்கு வந்துடுவாங்க" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் 1992 சம்பா ஞாபகத்துக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தக் காலத்தில் நான் டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மறுபடியும் டில்லியில் 'செலவைக் குறை, மானியத்தைக் குறை' என்ற பேச்சு கேட்கிறது. அதில் நாம் என்ன நிலை எடுக்க வேண்டும் என்று யோசிக்க, அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1991இல் நாட்டின் கையில் இருந்த அந்நியச் செலாவணி சுமார் இரண்டு வார இறக்குமதிக்குத்தான் வரும். ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன் வெளிநாட்டில் அடகுக்குப் போனது. அடகுக்கடை வாசல் நமக்குப் புதுசா என்ன, ஆனால் அரசாங்கமே போய் நின்றது அன்றுதான். அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல். அதை ஒரே ஆண்டில் 6.5 சதவீதமாக இறக்குவதாகச் சொல்லி ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் பட்ஜெட் படித்தார். அதில் உர விலை சராசரியாக 40 சதவீதம் ஏற்றப்பட்டது.

மூட்டைக் கணக்கில் சொன்னால் 117 ரூபாய் 50 காசு விற்ற 50 கிலோ யூரியா 164 ரூபாய் 50 காசு ஆனது. பாராளுமன்றத்தில் ஒரே ரகளை. எதிர்க்கட்சிகளை விடுங்கள், ஆளும் காங்கிரஸ் உறுப்பினர்களே எழுந்து சத்தம் போட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏற்றம் 30 சதவீதமாகக் குறைந்தது. சிறு, குறு விவசாயிக்கு ஏற்றமே இல்லை என்றார்கள். யார் சிறு விவசாயி என்று காட்ட சிட்டாவும் அடங்கலும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலைந்தது தனிக் கதை. குத்தகைக்காரர் பெயர் எந்தச் சிட்டாவில் இருக்கிறது?

இங்கே ஒரு விஷயம். மானியம் விவசாயிக்குக் கொடுப்பது என்றுதான் பேசுகிறோம். பணம் போனது உர ஆலைக்கு. 1977இல் வந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு ஆலைக்கும் அதன் உற்பத்திச் செலவோடு வரி போக 12 சதவீத லாபமும் கிடைக்கும்படி ஒரு விலை நிர்ணயிப்பார்கள். அதற்கும் நாம் கடையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஆலைக்குக் கட்டும். ஆலையின் திறமைக்குறைவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். 1980-81இல் 505 கோடியாக இருந்த உர மானியம் பத்தே ஆண்டில் 4,389 கோடியானது இப்படித்தான். ஆனால் வெட்டு என்று வந்தபோது முதலில் கைவைத்தது ஆலையின் லாபத்தில் அல்ல, கடை விலையில்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் முக்கியம். பாராளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று உர விலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 1992 ஆகஸ்ட் 25 முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு விலைக் கட்டுப்பாடு போனது, மானியமும் போனது. யூரியாவுக்கு? விலையை 10 சதவீதம் குறைத்துவிட்டார்கள்! மூட்டை 138 ரூபாய். விவசாயிகளைச் சமாதானப்படுத்த வேண்டும், யூரியாதான் எல்லோருக்கும் தெரிந்த உரம். பொட்டாஷுக்காக எந்த ஊரிலும் மறியல் நடந்ததில்லை. சத்தம் வராத இடத்தில் கத்தி விழுந்தது.

சம்பா நடவு நேரம். பொட்டாஷ் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. எங்கள் பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாகக் கொடுப்போம். அந்த வருஷம் ஒவ்வொருவரும் வந்து, "சார், பொட்டாஷை எடுத்துட்டு அதுக்கும் யூரியாவா போட்டுக் குடுங்க" என்றார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன். விதியில் இடம் இருந்தது, கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். மண்ணைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும்?

நாடு முழுக்க இதே கதை. ஒரு கிலோ சாம்பல்சத்துக்கு 5.9 கிலோ தழைச்சத்து என்று இருந்த பயன்பாடு ஒரே ஆண்டில் 9.5 கிலோவாக ஏறியது. சிபாரிசு என்று பொதுவாகச் சொல்வது நாலு கிலோ. தழைச்சத்து மிஞ்சி சாம்பல்சத்து குறைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பயிர் கருகருவென்று அழகாக நிற்கும், தண்டு வலுவிருக்காது, காற்றுக்குச் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் விருந்துக்கு வந்த மாதிரி வரும். அரசு மிச்சம் பிடித்த காசை விவசாயி பூச்சிமருந்துக் கடையில் கட்டினார். பட்ஜெட் கணக்கில் இது செலவாக ஏறவே ஏறாது.

முக்கியமாக, ஒருத்தரும் தொழுவுரத்துக்குத் திரும்பவில்லை. ஏன் என்று பின்னால் யோசித்தேன். மாடு குறைந்துகொண்டிருந்தது, கொளுஞ்சி விதை கிடைப்பது அரிது, ஏக்கருக்கு எவ்வளவு எரு எப்போது போடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. மாற்று வழி கையில் இல்லாதவன் விலை ஏறினால் வழியை மாற்ற மாட்டான், அதே வழியில் மலிவானதைப் பிடிப்பான்.

2010இல் சத்து அடிப்படையிலான மானியம் என்று வந்தபோதும் யூரியாவை வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தது. 4.3 என்று இறங்கியிருந்த விகிதம் 2012-13இல் 8.2க்குப் போனது. இரண்டாம் தடவை.

பக்கத்து இலங்கையில் நடந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. பத்தாண்டில் படிப்படியாக இயற்கைக்கு மாறுவோம் என்று 2019 தேர்தலில் சொன்ன கோத்தபய ராஜபக்ச, 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார். டாலர் தட்டுப்பாடு. உர இறக்குமதிக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலர் போகிறது என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பரில் தடை போனது. அது செலவுக்குறைப்பு, அதற்கு நம் சட்டையைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது நம்மிடம் "ஸ்ரீலங்காவைப் பாத்தீங்களா?" என்று கேட்டு வாயை அடைக்கிறார்கள்.

இதெல்லாம் சத்தமாக நடந்த வெட்டு. சத்தமில்லாததும் உண்டு. 1990களில் மானியம் வளர்ந்தது, பாசனம் போன்றவற்றில் அரசு போடும் முதலீடு தேங்கியது. 90களின் தொடக்கத்தில் சுமார் 35 ஆயிரமாக இருந்த கிராமப்புற வங்கிக் கிளைகள் அடுத்த பதினைந்து ஆண்டில் 32 ஆயிரத்துக்கு வந்தன. யாரும் 'மூடுகிறோம்' என்று பட்ஜெட்டில் படிக்கவில்லை. ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும், அதுவும் வெட்டுதான். வேளாண் விரிவாக்கத்தில் நடப்பது இதுவே.

இன்றைய கணக்குக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 242 ரூபாய், வரி தனி. உண்மையான அடக்கம் 2,200 ரூபாய் என்று அரசே 2023இல் சொன்னது. 2022-23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடியைத் தொட்டது. பிறகு குறைந்தும் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல்தான். 2024 நவம்பரில் அறிவித்த தேசிய இயற்கை விவசாய இயக்கத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு எல்லாம் சேர்த்து 2,481 கோடி. ஒரு வருஷ உர மானியத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை.

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில் இது. யூரியா மானியம் குறைய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வெட்டிய பணம் எங்கே போகிறது என்பதை முதலில் எழுதி வாங்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டால் அது பற்றாக்குறையை அடைக்கப் போகும், மண்ணுக்கு வராது. உரப் பயன்பாட்டைக் குறைத்தால் மிச்சமாகும் மானியத்தில் பாதியை மாநிலத்துக்குத் தருவதாக 2023இல் பி.எம். பிரணாம் என்றொரு திட்டம் வந்தது. அந்த எண்ணம் சரி. அந்தப் பாதி கிராமத்துக்கு இறங்குகிறதா என்று கேட்க வேண்டியது நாம். பசுந்தாள் விதை, மாடு வைத்திருப்பவருக்கு உதவி, மாறும் மூன்று வருஷத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம், சொல்லித்தர ஆள். இவை முதலில், வெட்டு பின்னால், அதுவும் படிப்படியாக. யூரியாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டும் வேலை மூன்றாவது முறை வேண்டாம்.

பட்ஜெட்டுக்கு முன் மாவட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வட்டாரத்தில் உதவி வேளாண்மை அலுவலர் பணியிடம் மொத்தம் எத்தனை, காலி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாய்மொழியாகச் சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.