கடைமடைக்குத் தண்ணீர் சேரும் கணக்கு

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி மதுரை வயல்களுக்கு வருவது விந்தையன்றோ! பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895-இல் கட்டி முடித்த அணை அந்நீரைக் கிழக்கே திருப்பியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி அது வைகையைச் சேர்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்குகிறது. பின்னர் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் புகுந்து மேலூர்ப் பக்கம் செல்கிறது. வழிநெடுகக் கிளைக் கால்வாய்கள், மடைகள், கண்மாய்கள். எனினும், "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை" என்று உழவர்கள் வருந்துவதை நாம் கேட்கிறோம்.

பல கிளைகள் கொண்ட இத்தகைய வலையில், கடைசி இடத்துக்கு அதிக அளவாக எவ்வளவு நீர் அனுப்பலாம்? இவ்வகைக் கேள்விக்கு ஃபோர்டு, ஃபுல்கர்சன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1956-இல் விடை வெளியிட்டனர். அவர்களை இதில் ஈடுபடுத்தியது கால்வாய் அன்று. இரயில் பாதைகளில் சரக்கு அனுப்பும் கணக்கே!

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் அணையிலிருந்து கிழக்கு மதகுக்கு 3 பங்கு நீரும், மேற்கு மதகுக்கு 2 பங்கும் செல்லலாம். கிழக்கு மதகிலிருந்து கண்மாய்க்கு 2 பங்கும், மேற்கு மதகிலிருந்து கண்மாய்க்கு 3 பங்கும் செல்லலாம். கிழக்கிலிருந்து மேற்குக்கு 3 பங்கு கொள்ளும் இணைப்புக் கால்வாய் ஒன்றும் உண்டு.

முதலில் அணை, கிழக்கு, மேற்கு, கண்மாய் என்ற வழியில் 3 பங்கு விடுவோம். இப்போது மேற்கிலிருந்து கண்மாய்க்குச் செல்லும் கால்வாய் நிரம்பிவிட்டது. அணையிலிருந்து மேற்குக்கு வரவேண்டிய 2 பங்குக்கு இடமில்லை. இனி வழியில்லை என்று நிறுத்திவிடலாமா? கூடாது. இணைப்புக் கால்வாயில் விட்டதில் 2 பங்கைக் குறைத்து, கிழக்கிலிருந்து நேரே கண்மாய்க்கு அனுப்ப வேண்டும். மேற்கில் 2 பங்குக்கு இடம் பிறக்கிறது. மொத்தம் 5 பங்கு சேர்ந்துவிடும்! முன்பு விட்டதையும் திருத்திக் கொள்வதே இம்முறையின் நுட்பம்.

5-க்கு மேல் ஏன் சேராது? அணையிலிருந்து புறப்படும் இரண்டு கால்வாய்களையும் அடைத்தால் கண்மாய்க்கு ஒரு துளியும் வராது. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 5 தான். இவ்வாறு நீரை முழுதும் தடுக்கும் அடைப்புகளில் மிகச் சிறியது எதுவோ, அதன் அளவே மிகுதியாகச் செல்லும் நீரின் அளவு. ஆகவே, இணைப்புக் கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை.

எட்மண்ட்ஸ், கார்ப் இருவரும் 1972-இல், குறைந்த கால்வாய்களைக் கடக்கும் வழியை முதலில் தேர்ந்தால் கணக்கு விரைவில் முடியும் என நிறுவினர்.

இக்கணக்கில் நீர்க்கசிவு இல்லை. உண்மைக் கால்வாயில் உண்டு. ஆயினும், எந்த இடம் குறுகியது என்று அறிந்து அங்கே பணத்தையும் உழைப்பையும் செலவிட்டால்தான் கடைமடை வயலும் பசுமை காணும் என்பதை நாம் உணரலாம்.