சார்கோ – லெய்டன் படிகங்களும் கேலக்டின்-10 புரதமும்

முன்னுரை

ஆஸ்துமா நோயாளரின் சளியை நுண்ணோக்கியில் காணும்போது, இரு முனைகளும் கூர்மையான நிறமற்ற படிகங்கள் சில வேளைகளில் தென்படும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்கோவும் ராபினும் 1853ஆம் ஆண்டில் இத்தகைய படிகங்களை விவரித்தனர். செருமானிய மருத்துவர் லெய்டன் 1872இல் ஆஸ்துமா நோயாளரின் சளியில் அவற்றைக் கண்டார். ஆகவே அவை சார்கோ – லெய்டன் படிகங்கள் என வழங்கலாயின. இப்படிகங்கள் நோயின் அடையாளம் மட்டுமா, நோயை வளர்க்கும் காரணியுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படிகமாகும் புரதம்

இயோசினோஃபில் என்பது ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பதிலும் ஒவ்வாமையிலும் பங்குகொள்ளும் வெள்ளணுவாகும். அதனுள் மிகுதியாகக் காணப்படும் புரதங்களுள் ஒன்று கேலக்டின்-10. இது 142 அமினோ அமிலங்களால் ஆனது. நெடுங்காலம் இது கொழுப்புப் பொருளைச் சிதைக்கும் நொதி என்றே கருதப்பட்டது. 1995இல் வெளியான எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வு, இதன் வடிவம் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றும் கேலக்டின் குடும்பப் புரதங்களை ஒத்திருப்பதைக் காட்டியது. உயிருள்ள அணுவினுள் இப்புரதம் கரைந்த நிலையில் உள்ளது. அணு சிதைந்து உட்பொருள் வெளிப்படும்போது, இது செறிவுற்றுப் படிகமாகிறது.

அடையாளமா, காரணியா?

சுண்டெலிகளுக்குக் கேலக்டின்-10 மரபணு இல்லை. எனவே, வெளியிலிருந்து செலுத்தப்படும் படிகங்களின் விளைவை அவற்றில் தனித்து அறிய இயலும். பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், படிகங்கள் செலுத்தப்பட்ட எலிகளின் நுரையீரலில் அழற்சி தோன்றியது. படிகமாகாதவாறு மாற்றியமைக்கப்பட்ட அதே புரதம் அவ்விளைவைத் தரவில்லை. எனவே அழற்சியைத் தூண்டியது புரதத்தின் இருப்பன்று, அதன் படிக நிலையே என்பது பெறப்பட்டது. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிகமாகி வலியை விளைவிப்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

அதே ஆய்வில், இப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் நோயாளரின் சளியிலிருந்த படிகங்களைக் கரைத்தன. எலிகளிலும் அவை அழற்சியைக் குறைத்தன.

முடிவுரை

மெபோலிசுமாப் போன்ற மருந்துகள் இயோசினோஃபில்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. ஆனால் சளியில் முன்னரே உருவான படிகங்களைக் கரைப்பது அவற்றின் பணியன்று. படிகமே அழற்சியை வளர்க்குமெனில், அதனைக் கரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாதல் வேண்டும். எலிகளில் பெறப்பட்ட முடிவு மனிதருக்கும் பொருந்துமா என்பதை மருத்துவச் சோதனைகளே உறுதிசெய்ய இயலும். எனினும், நூற்றாண்டுக்கும் மேலாக நோயறி குறியாக மட்டுமே எண்ணப்பட்ட ஒன்று, இன்று சிகிச்சையின் இலக்காக ஆராயப்படுகிறது.