காசில்லாத பாஸ்புக்

1992 செப்டம்பர் 16 அன்று சுவீடனின் மத்திய வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தரும் ஓரிரவுக் கடனுக்கான வட்டியை 500 சதவீதமாக உயர்த்தியது. அச்சுப்பிழை இல்லை, ஐந்நூறுதான். எல்லாரும் அந்நாட்டு நாணயமான குரோனாவை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தடுக்க வேறு வழி தெரியவில்லை. அதுவும் பலிக்காமல், நவம்பரில் குரோனாவின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிட்டார்கள். 1990இல் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை, மூன்றே ஆண்டுகளில் 8ஐத் தாண்டியது.

பிரசவத்திலிருந்து முதுமை வரை அரசு கைவிடாது என்று பேர் வாங்கிய நாடு அது. உலகமயமாக்கலில் இந்தச் சலுகையெல்லாம் கரைந்துபோகும் என்று அப்போது ஆரூடம் சொன்னவர்கள் ஏராளம். ஆனால் பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக் 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அயல்நாட்டு வணிகத்தை அதிகம் நம்பியிருக்கும் நாடுகளில்தான் அரசின் செலவும் அதிகம். எங்கோ ஒரு சந்தை படுத்தால் இங்கே ஆலை மூடும் என்ற பயம் உள்ள ஊரில், ஜனங்கள் அரசிடம் காப்பீடு கேட்கத்தான் செய்வார்கள். சுவீடன்காரர்களும் அந்தக் காப்பீட்டை விடத் தயாராக இல்லை. அதற்கு யார் பணம் கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பெரிய பூதம் ஓய்வூதியம். 1960 முதல் இருந்த திட்டத்தில், 30 ஆண்டு உழைத்தவருக்கு, அதில் அதிகம் சம்பாதித்த 15 ஆண்டுகளை வைத்துப் பென்ஷன் கணக்கிட்டார்கள். பிற்பாதியில் சம்பளம் கிடுகிடுவென ஏறிய அதிகாரிக்கு யோகம். 45 ஆண்டு ஒரே மாதிரிக் கூலி வாங்கிய தொழிலாளிக்கு நஷ்டம். பொருளாதாரம் வளர்ந்தாலும் தேய்ந்தாலும் வாக்குக் கொடுத்த தொகை அப்படியே நிற்கும்.

1994இல் ஆளுங்கட்சிகள் நான்கும், எதிர்வரிசையிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சியும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1998இல் அது சட்டமானது. அந்த ஏற்பாடுதான் விசித்திரமானது.

ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் வருமானத்தில் 18.5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அதில் 2.5 நம் ஊர் தேசிய ஓய்வூதியத் திட்டம்போல நிஜமாகவே முதலீடாகிறது. மீதி 16 இன்றைய முதியவர்களுக்கான பென்ஷனாகப் போய்விடுகிறது. கட்டியவர் பெயரில் எழுதி வைக்கப்படுவது வெறும் எண். பாஸ்புக்கில் வரவு இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. ஆனாலும் அந்த எண்ணுக்கு ஆண்டுதோறும் வட்டி ஏறும். நாட்டு மக்களின் சராசரி வருமானம் எவ்வளவு உயர்கிறதோ அதுதான் வட்டி. ஆண்டுக்கு ஒருமுறை ஆரஞ்சு நிற உறையில் நிலவரம் வீட்டுக்கு வரும்.

ஓய்வு பெறும்போது அந்த எண்ணை ஒரு வகுஎண்ணால் வகுக்கிறார்கள். உங்களோடு ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்ற மதிப்பீட்டிலிருந்து அது வருகிறது. கணக்கில் 32 லட்சம் குரோனா, வகுஎண் 16 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 லட்சம். அடுத்த தலைமுறையின் ஆயுள் கூடினால் வகுஎண்ணும் கூடும். அதே 32 லட்சத்துக்குத் தொகை குறையும். குறைய வேண்டாமென்றால் இன்னும் சில மாதம் வேலை பார்க்க வேண்டியதுதான். யாரும் மசோதா கொண்டுவர வேண்டாம், யாரும் வீதியில் இறங்க வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்! சம்பாத்தியம் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் வரிப்பணத்திலிருந்து தனியாக ஓர் உறுதித்தொகை உண்டு.

இதற்கும் மேலே ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. அதை அங்கே ‘பிரேக்’ என்றே சொல்கிறார்கள். வரப்போகும் சந்தாவின் மதிப்பும், அவசரத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் சேமநிதியும் ஒரு பக்கம், கொடுக்க வேண்டிய பென்ஷன் பாக்கி மறுபக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1க்குக் கீழே வந்துவிட்டதா? எல்லாருடைய கணக்கிலும் வட்டி குறையும், வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷனும் குறையும். 2008இன் உலக நிதி நெருக்கடியில் சேமநிதியின் பங்குகள் சரிய, விகிதம் 0.98 ஆனது. 2010இல் பென்ஷன் 3 சதவீதம் இறங்கியது, 2011இல் 4.3.

அரசியல்வாதி கைவைக்காத இயந்திரம் என்று இதைப் புகழ்பவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2010 செப்டம்பரில் அங்கே தேர்தல். பிரேக் முழு வேகத்தில் விழுவதற்கு முன்பே, சேமநிதியின் மதிப்பை மூன்று ஆண்டுச் சராசரியாக எடுக்கலாம் என்று சூத்திரத்தைத் திருத்தினார்கள். அடி கொஞ்சம் பரவலாக விழுந்தது. கூடவே ஓய்வூதியர்களுக்கு வரியைக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால், திட்டம் பிழைத்ததற்குக் கணிதத்தைப் போலவே இந்தச் சின்னத் தில்லுமுல்லும் காரணம். முதியவர்களின் பயத்துக்கு யாராவது முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். அதே சமயம் பிரேக்கை யாரும் கழற்றி எறியவில்லை. 2014இல் மறுபடி 2.7 சதவீதம் குறைந்தபோதும் அது தன் வேலையைப் பார்த்தது.

2018இல் கணக்கு நேரானது. இப்போது பேச்சு தலைகீழ். நிதி நிரம்பி வழியும் காலத்தில் உபரியைப் பிரித்துக்கொடுக்க இயந்திரத்தில் வழி வைக்கவில்லையே, பிரேக் இருக்கும் வண்டிக்கு ஆக்சிலரேட்டர் வேண்டாமா என்று கட்சிகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.