நாய் கொண்டுவரும் நட்பு

நன்றிக்கு நாயை உவமையாகக் கூறுவது நம்மவர் வழக்கம். வசை பாடுவதற்கும் அதன் பெயரையே எடுத்தாளுகின்றோம். அது வேறு செய்தி. நாய்க்கும் அதனை வளர்ப்பவனுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினோர் பலர். நாயின் பொருட்டு வளர்ப்பவனுக்கும் தெருவிலுள்ள பிற மனிதர்க்கும் உண்டாகும் உறவைப் பற்றி எண்ணினோர் சிலரே. அதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்து உளவியலார் மெக்நிக்கலஸ், காலிஸ் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் தம் அன்றாட அலுவல்களுக்குச் சில நாட்கள் நாயுடனும் சில நாட்கள் தனியாகவும் சென்று வரவேண்டும்; வழியில் எத்தனை பேர் அவரோடு பேசுகின்றனர் என்று கணக்கெடுக்க வேண்டும். நாயோ பிறரிடம் சென்று வாலை ஆட்டாதபடி பழக்கப்பட்டது. அப்படியிருந்தும், நாய் உடன் வந்த நாட்களில் முன்பின் அறியாதவர்கள் நின்று பேசியது மிகுந்தது. பிறகு மற்றொருவருக்கு ஒரு நாள் நல்ல உடையும் மற்றொரு நாள் கந்தல் உடையும் அணிவித்துப் பார்த்தனர். உடையினால் விளைந்த வேறுபாட்டைவிட நாயினால் விளைந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. ஆள் பாதி, ஆடை பாதி என்கின்றோமே, நாய்க்கு எத்தனை பங்கு என்று நம் பழமொழி கூறவில்லை!

இதற்குக் காரணம் யாது? நகரத்தில் முகமறியாத ஒருவரிடம் வலியச் சென்று பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கின்றது. மணி கேட்கலாம், வழி கேட்கலாம்; அத்துடன் பேச்சு முடிந்துவிடும். நாய் நடுவில் நின்றால் நிலைமை வேறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கூச்சம் இல்லை. இருவரும் குனிந்து நாயைப் பார்த்துக்கொண்டே பேசலாம். நாய்க்குக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று நேரம் தவறுவதில்லை. ஆகவே அதே மனிதர்களை அதே திருப்பத்தில் நாள்தோறும் சந்திக்கின்றோம். அது மரத்துக்கு மரம் நிற்பதனால் நாமும் நிற்கின்றோம். நம் நாட்டிற்கே உரிய ஒரு பயனும் உண்டு. புதியவனைக் கண்டால் ஊர் எது, குலம் எது, தந்தைக்கு என்ன வேலை என்று துருவுவது நம் பெரியவர்களின் வழக்கம். நாயோடு வருபவனிடம் முதலில் நாயின் பெயரைத்தான் கேட்கின்றனர். மற்றவை பின்னர் வந்தாலும், அதற்குள் பாதிப் பழக்கம் ஏற்பட்டுவிடுகின்றது.

மைசூரில் சரஸ்வதிபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் நாயை மாலையில் நடத்திச் செல்வது என் பொறுப்பு. நான் கற்ற கன்னடத்தில் பெரும்பகுதி அந்த நடையில் கற்றதே. ‘கச்சுத்தா?’ என்று குழந்தைகள் எட்டி நின்று கேட்பர். கடிக்குமா என்பது பொருள். ‘ஹெசரேனு?’ என்பது அடுத்த கேள்வி. நம் பெயர் அங்கே ஹெசராகி நிற்கின்றது. பால் ஹாலாகவும் புலி ஹுலியாகவும் ஆனது போல. நாய் மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய நாயாகவே இருக்கின்றது! காவிரிச் செய்தி சூடேறிய நாட்களில் தமிழில் உரக்கப் பேச நம் மாணவர் தயங்குவது உண்டு. அத்தகைய ஒரு மாலையில் எதிர்வீட்டு முதியவர் என்னை நிறுத்தினார். என்ன கேட்பாரோ என்று நெஞ்சு படபடத்தது. நாயின் காதில் உண்ணி இருக்கின்றது, பார்த்தாயா என்றார்.

வெறும் தெருப்பேச்சு நட்பாகுமா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் அமெரிக்க நகரங்கள் மூன்றிலும் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. செல்லப்பிராணி வளர்ப்போரில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர், அப்பிராணியின் வாயிலாக அறிமுகமானவர்களிடமிருந்து அறிவுரையோ ஆறுதலோ வேறு உதவியோ பெற்றதாகக் கூறினர். வீட்டை விட்டு வெளியூரில் படிக்கும் நம்போன்றோர்க்கு இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் நாய் பகையையும் கொண்டுவரும். நள்ளிரவில் குரைப்பதாலும் பிறர் வாயிலை அசுத்தம் செய்வதாலும் முறிந்த அண்டைவீட்டு உறவுகள் எத்தனையோ. நாயைக் கண்டு அஞ்சுவோரை எள்ளி நகையாடுவது தவறு. வெறிநாய்க்கடி நோய் கண்டுவிட்டால் பெரும்பாலும் உயிர் மீளாது. தடுப்பூசி போடாமல், கயிறு கட்டாமல் நாயை வெளியே விடுபவனுக்கு நான் கூறும் நட்பு கிட்டாது, கிட்டவும் வேண்டாம்.

நாய் இணைத்த உறவுக்கு இப்பகுதியிலேயே மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்னும் ஊர் இருக்கின்றது. அங்கே கிடைத்த கல்வெட்டின் காலம் கி.பி. 949-50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததை அது கூறுகின்றது. யானைமேல் துஞ்சியவன் என்று நம் கல்வெட்டுகள் போற்றுபவன் அவனே. எதிர்ப்பக்கத்தில் போரிட்ட கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தன் வீரன் மணலேரனின் ஆற்றலை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் கேட்டது மன்னனின் வேட்டைநாய் காளியை. அது பின்னர்க் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதது, இரண்டும் மாண்டன. அந்த நாய்க்காக ஆதகூர்க் கோயிலின் முன் கல் நாட்டி, நிலமும் விட்டு, வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தனர். நாயும் பன்றியும் பொருதும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கின்றது. நமக்குத் தோல்வியைச் சொல்லும் கல்தான். ஆனால் அதன்முன் நின்றால் முதலில் கண்ணிற்படுவது அந்த நாயே. இப்போது அது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அப்பக்கம் செல்லும் சங்க நண்பர்கள் பார்த்து வரலாம். எழுத்தைப் படிக்கக் கன்னட நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.