ஒரே இடம், நான்கு காலம்



இயற்கைப் புகைப்படம் பற்றி வானொலியில் பேசிய பின்னர், அதை எழுத்திலும் தரும்படி பலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். கணக்காளனுக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் பகிடியும் விட்டீர்கள். கணக்குக்கும் படத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டுக்கும் திகதி வேண்டும், ஒழுங்கு வேண்டும்.

பிள்ளைகள் வேலைக்கென்று வேறு நகரங்களுக்குப் போன பின்பே நானும் துணைவியாரும் கமராவுடன் வெளியில் போகத் தொடங்கினோம். எங்களில் பலர் 80களிலும் 90களிலும் அகதிகளாக மொன்றியலுக்கு வந்தவர்கள். இரண்டு வேலை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. இத்தனை வருடம் வாழ்ந்த நகரத்தில் எங்களுக்குத் தெரிந்தது வீடு, வேலைத்தலம், கோயில், தமிழ்க் கடை. இப்போது வீட்டில் இரண்டு பேர்தான். நவம்பர் தொடங்கினால் ஏப்ரல் வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிடுகிறோம். அந்த இருப்பு உடம்புக்கும் நல்லதல்ல, மனதுக்கும் நல்லதல்ல.

படம் எடுக்கத் தூர இடம் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கிட்ட ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, அதே இடத்துக்கு ஆண்டு முழுவதும் போங்கள். கோட் டே நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பக்கம் இருப்பவர்களுக்கு மவுண்ட் றோயல் மலை இருக்கிறது. நியூயோர்க் சென்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஓம்ஸ்ரெட் வகுத்த இந்தப் பூங்கா 1876இல் திறக்கப்பட்டது. லசாலில் இருப்பவர்களுக்கு சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் றப்பிட்ஸ் பூங்கா உண்டு.

ஒரே இடம் அலுக்காதா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். மொன்றியலில் யூன் 21 அளவில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். டிசம்பர் 21 அளவில் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. வெளிச்சம் இவ்வளவு மாறும் ஊரில் ஒரே மரம் நான்கு மரமாகத் தெரியும்.

இளவேனிலில் தரையைப் பாருங்கள். மேப்பிள் காட்டில் மரங்கள் இலை விரித்து வெயிலை மறைப்பதற்கு முன்பே சில செடிகள் அவசரமாகப் பூத்துவிடும். மூன்று இலை, மூன்று இதழ் கொண்ட வெள்ளை ட்ரில்லியம் அவற்றில் ஒன்று. விதையிலிருந்து முதற்பூ வர ஏழு வருடத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே பறிக்காதீர்கள்; முழங்காலில் இருந்து, பூவின் உயரத்தில் கமராவைப் பிடியுங்கள்.

கோடையில் லசால் கரையில் பெரிய நீல நாரை ஆற்றுக்குள் அசையாமல் நிற்கும். எங்கள் ஊர்க் கடல்நீரேரிகளில் நிற்கும் சாம்பல் நாரையின் நெருங்கிய உறவு அது. வெளிகளில் பாலுள்ள செடி ஒன்றைக் காண்பீர்கள். எருக்கலையின் குடும்பம்தான். ஊரில் எருக்கலை இலை தின்று வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி போல, இங்கே மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தச் செடியில் வளரும். கோடை முடிவில் பிறக்கும் மொனார்க் ஏறக்குறைய 4000 கிலோமீற்றர் பறந்து மெக்சிக்கோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். மத்தியான வெயிலை விட்டு, காலையிலோ மாலையிலோ போங்கள். புல்லுக்குள் உண்ணி இருக்கும். நீளக் காற்சட்டை அணியுங்கள்.

இலையுதிர் காலத்தில் மொன்றியலில் நிறம் உச்சமாவது பொதுவாக ஒக்ரோபர் நடுப்பகுதியில், நன்றிகூறும் நாளை ஒட்டி. பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் சிதைகிறது. மஞ்சள் முன்பே இலைக்குள் இருந்ததுதான். பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சீனியிலிருந்து அப்போதுதான் உண்டாகிறது. பகலில் வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் அந்த வருடம் சிவப்பு அதிகம். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நின்று இலையைப் பாருங்கள். வெளிச்சம் இலையை ஊடுருவி வரும்போது நிறம் இரட்டிப்பாகும்.

குளிர்காலம் படத்துக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 21இல் நண்பகலில்கூட இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 21 பாகை உயரத்தில்தான் நிற்கும்; யாழ்ப்பாணத்தில் அன்று 57 பாகை. சாய்ந்த வெயிலில் நாள் முழுவதும் நீண்ட நிழல் கிடைக்கும். 1856இல் மொன்றியலில் தொழில் தொடங்கிய வில்லியம் நொட்மன் என்ற பெரும் புகைப்படக்காரர், உப்பைப் பனியாகப் பரப்பி அறைக்குள்ளேயே குளிர்காலப் படம் எடுத்தார். இன்று கையில் உள்ள தொலைபேசியே வெளியில் எடுக்கும்.

இரண்டு விடயம் தெரிந்தால் போதும். கமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளப்பதால் வெண்பனி மங்கலாக விழும். எக்ஸ்போஷரைக் கூட்டல் ஒன்று அல்லது ஒன்றரைக்கு உயர்த்துங்கள். குளிரில் பற்றரி விரைவில் இறங்கும். மேலதிக பற்றரியை உட்சட்டைப் பையில் வையுங்கள். வீட்டுக்குள் வருமுன் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, சூடேறிய பின்னரே திறவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும். வெண்பனியில் ஒரு சிவப்புக் கார்டினல் குருவி வந்து அமர்ந்தால் குளிர் மறந்துபோகும்.

இனி, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளையும் கையில் அகப்பட்டதையும் கொண்டு போனார்கள். அல்பங்கள் வீடுகளில் கிடந்தன. தப்பிய படங்களிலும் இருப்பது என்ன? கலியாணம், சாமத்தியவீடு, பாடசாலைக் குழுப்படம். கிணற்றடியை யார் எடுத்தோம்? பனை வேலியை, முற்றத்து வேம்பை யார் எடுத்தோம்? தினமும் பார்த்ததைப் படமெடுக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. இன்று எங்கள் பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

மொன்றியலும் இப்போது எங்கள் பிள்ளைகளின் ஊர். இங்கும் நாங்கள் எடுப்பது மண்டபத்துப் படங்கள்தான். ஆகவே மரத்தை எடுக்கும்போது மரத்தடியில் உங்கள் துணையையும் நிறுத்துங்கள். நான்கு காலத்திலும் அதே மரம், அதே ஆள். ஐந்து வருடத்தில் இருபது படம் சேரும். அதில் மரமும் வளர்ந்திருக்கும், தலையும் நரைத்திருக்கும். அதுதான் குடும்பத்தின் பேரேடு.

பேரேட்டுக்குப் பதிவு முக்கியம். ஒவ்வொரு நல்ல படத்துக்கும் திகதி, இடம், ஆட்களின் பெயர் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் வேறொரு தட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். வருடம் பன்னிரண்டு படமாவது கடதாசியில் அச்சிடுங்கள். ஒன்று போனால் மற்றது இருக்கும். எங்கள் தொழிலில் இரட்டைப் பதிவு என்று சொல்வோம்.

இந்தச் சனிக்கிழமை ஒரு பிளாஸ்க்கில் தேத்தண்ணியுடன் இருவருமாகப் புறப்படுங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.