ஒரே வரிசை, ஒரே மருத்துவர்

எச்.ஐ.வி. கிருமி தொற்றியவரின் வாழ்வு விரைவில் முடிந்துவிடும் என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய பின் அந்நிலை மாறிற்று. நாள்தோறும் தவறாது மருந்து உண்பவர் இன்று முதுமை வரை வாழ முடிகிறது. ஆயினும், வயது ஏறும்போது ஏனையோரைப் போன்றே அவரையும் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் பற்றுகின்றன.

இந்நோய்களுக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு மருந்தகம் செல்ல வேண்டுமாயின், நாட்சம்பளம் பெறுவோர் என் செய்வர்? மருந்தகத்தில் கழியும் நாளில் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஆகவே, வலி தராத நோயின் சிகிச்சையை முதலில் கைவிடுவர். இரத்த அழுத்தமோ பெரும்பாலும் வலிப்பதில்லை; பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ திடீரெனத் தன்னைக் காட்டும்.

இதற்கு ஒரு வழியைத் தான்சானியாவும் உகாண்டாவும் ஆராய்ந்தன. அவ்விரு நாடுகளின் 32 சுகாதார நிலையங்களில், ஏறத்தாழ 7,000 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அவற்றுட் சிலவற்றில், மூன்று நோயினரும் ஒரே இடத்தில் பதிந்து, ஒரே வரிசையில் காத்திருந்து, ஒரே மருத்துவக் குழுவினரிடம் சிகிச்சை பெற்றனர். எச்.ஐ.வி. சிகிச்சையின் பயன் இதனாற் சிறிதும் குன்றவில்லை. வரிசை பொதுவானதாகையால், யாருக்கு எந்நோய் என்று பார்ப்பவர் அறிய வழியில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சுவோர்க்கு இஃதோர் ஆறுதலன்றோ!

மற்றொரு நன்மையும் உண்டு. டோலுடெகிராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து, இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டக்கூடியது. இரண்டையும் உண்பவருக்கு மெட்ஃபார்மின் அளவை மருத்துவர் சீர்செய்ய வேண்டியிருக்கும். ஒருவர் தரும் மருந்தை மற்றவர் அறியாவிடில் அஃது எங்ஙனம் இயலும்? ஆயினும், இடத்தை ஒன்றாக்கினால் மட்டும் போதாது. எல்லா நோய்க்கும் மருந்து இருப்பில் இருத்தல் வேண்டும்.

நம் தோட்டப் பாட்டாளி மக்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோர், இரத்த அழுத்தத்தையும் இனிப்புநீரையும் சோதிக்குமாறு தம் மருத்துவரைக் கேட்கத் தயங்கலாகாது. உண்ணும் மருந்து அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று காட்டுதல் நன்று. மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தையும் நிறுத்தலாகாது. ஏனையோர்க்கும் ஒரு கடமை உண்டு. அருகில் அமர்வதாலோ உடன் உண்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. அவர்கள் நம் வரிசையில் நிற்க இடமளிப்போமாக!